பின்விளக்கும் பொய்யெச்சரிக்கையும்

வத்திராயிருப்பை அடுத்த மகாராஜபுரம், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளின் நீர் கண்மாய்க்குக் கண்மாய் இறங்கி வயல்களை நனைக்கும் செழிப்பான பிரதேசத்தில் அமைந்த ஊர். நெல்லும் கரும்பும் தென்னையும் மாவும் விளையும் அந்த வட்டாரத்தில், விளைந்ததைக் களத்திலிருந்தும் தோப்பிலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் கொண்டு சேர்க்கும் வேலை, ஒரு தலைமுறைக்கு முன்வரை மாட்டு வண்டிக்கு உரியதாயிருந்து, இன்று பெரும்பாலும் டிராக்டரிடமும் அதன் பின்னே கோக்கப்பட்ட டிரெய்லரிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. அறுவடைக் காலத்து மாலைகளில், திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து ராஜபாளையம் நூற்பாலைகளுக்குப் பஞ்சு ஏற்றிவரும் நீண்ட லாரிகளும், அமாவாசை பௌர்ணமி தினங்களில் சதுரகிரிக்குப் புறப்பட்ட பக்தர்களின் வேன்களும், வைக்கோலோ கரும்போ ஏற்றிக்கொண்டு நிதானமாக நகரும் டிராக்டர்களும் ஒரே தார்ச்சாலையைப் பங்கிட்டுக்கொள்ளும்போது, இவற்றின் பிரயாணம் க்ஷேமமாக முடிவது டிரெய்லரின் பின்புறத்தில் எரியவேண்டிய ஒரு சிறு சிவப்பு விளக்கையும், அந்த விளக்குக்கு உயிர் கொடுக்கும் சில முழ நீளக் கம்பியையும் பொறுத்தே இருக்கிறது.

அந்தக் கம்பியில் ஒரு குறை நேரிட்டால் இரண்டு விதமான விளைவுகள் உண்டாகலாம். பழைய வாகனமாயின், விளக்கு அணைந்துபோவதோடு சரி. சாரதிக்கு எந்தத் தகவலும் கிடைக்காது. புதிய வாகனமாயின், கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறிய நம்மவர் தம் காருக்குப் பின்னே படகையோ பாரவண்டியையோ கோத்துச் செல்லும்போது அறிவதுபோல, முகப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துக்கள் மின்னும், மணி அடிக்கும், டிரெய்லர் துண்டிக்கப்பட்டது என்றும், பல்பு எரியவில்லை என்றும், பின்னால் ஏதோ தடை இருக்கிறது என்றும் கணத்துக்குக் கணம் அறிவிப்புகள் எழும். வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தால் டிரெய்லர் கோத்தபடியே இருக்கும். விளக்குகளும் பெரும்பாலும் எரிந்துகொண்டுதான் இருக்கும். பேசாத யந்திரமும் ஓயாமல் பேசும் யந்திரமும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவைபோல் தோன்றினாலும், கடைசியில் இரண்டும் ஒரே அபாயத்தில், அதாவது பின்விளக்கு எரியாத ஒரு டிரெய்லர் இருட்டுச் சாலையில் செல்வதில், வந்து முடிகின்றன என்பதையும், அது எவ்வாறு நிகழ்கிறது என்பதையும் இந்த அத்தியாயத்தில் ஆராய்வோம்.

டிராக்டரையும் டிரெய்லரையும் இணைப்பவை இரண்டு. ஒன்று, பாரத்தை இழுக்கும் இரும்புக் கொக்கியும் அதில் செருகும் ‘பின்’ என்னும் முளையும். மற்றொன்று, மின்சாரத்தைக் கடத்தும் கம்பித் தொகுதியும் அதன் முனையிலுள்ள பிளக்கும். உலகின் பல பாகங்களில் வழங்கும் ஏழு முனைப் பிளக், ஐ.எஸ்.ஓ. 1724 என்னும் சர்வதேச நிர்ணயத்தின்படி 12 வோல்ட் வாகனங்களுக்காக வகுக்கப்பட்டது. அதன் ஏழு முனைகளில் இடப்புற இன்டிகேட்டருக்கு ஒன்று, வலப்புற இன்டிகேட்டருக்கு ஒன்று, இருபுறப் பின்விளக்குகளுக்குத் தனித்தனியே இரண்டு, பிரேக் விளக்குக்கு ஒன்று, மூடுபனி விளக்குக்கு ஒன்று என ஆறு போக, எஞ்சி நிற்கும் ஏழாவதே எல்லாவற்றிலும் முக்கியமானது. அதற்கு எந்த விளக்கும் தனியாகச் சொந்தமில்லை. எல்லா விளக்குகளின் மின்சாரமும் பேட்டரிக்குத் திரும்பிச் செல்லும் பொதுப் பாதை அது. நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் அதை ‘எர்த்’ என்பார்கள். டிரெய்லர் விளக்குகளைப் பற்றிய புகார்களில் மிகப் பலவற்றுக்குக் காரணத்தைத் தேடிச் சென்றால், நாம் வந்து நிற்கும் இடம் அந்த எர்த்தாகவே இருக்கும்.

மின்சாரம் ஒரு பொருளை ஒளிரச் செய்ய வேண்டுமானால், போகும் வழி மட்டும் இருந்தால் போதாது; திரும்பும் வழியும் இருந்தாக வேண்டும். மோட்டார் வாகனங்களில் இந்தத் திரும்பும் வழிக்குத் தனிக் கம்பி போடாமல், வாகனத்தின் இரும்புச் சட்டத்தையே பேட்டரியின் எதிர்முனையோடு பிணைத்து, அதையே பொதுப் பாதையாகக் கொள்வது வெகுகாலமாக இருந்துவரும் வழக்கம். ஒரே வாகனத்துக்குள் இது சிக்கனமும் சௌகரியமும் உள்ள ஏற்பாடு. ஆனால் டிரெய்லர் வேறொரு வாகனம். அதன் சட்டம் வேறு. இரண்டு சட்டங்களும் சந்திக்கும் இடம், கிரீஸும் துருவும் மண்ணும் படிந்த கொக்கி ஒன்றே. எர்த் கம்பியை இணைக்காமல், அல்லது அறுந்துபோன பிறகு புதுப்பிக்காமல், கொக்கியின் வழியே மின்சாரம் திரும்பிக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறவர்கள் அநேகர். நின்றிருக்கும்போது எல்லா விளக்குகளும் எரியும். வண்டி நகரத் தொடங்கி, பாரத்தின் இழுப்பில் அந்த முளை ஒரு பக்கம் அழுந்தி, பள்ளத்தில் ஏறியிறங்கும்போது மறுபக்கம் விலகி ஆடுகையில், இரும்பு இரும்பைத் தொட்டும் தொடாமலும் இருக்க, மின்சாரமும் கணத்துக்குக் கணம் வந்தும் போயும் நிற்கும். ஒர்க்‌ஷாப்பில் நிறுத்திப் பார்க்கும்போது தலைகாட்டாத குறை, சாலையில் மட்டும் தோன்றுவதன் ரகசியம் இதுவே.

முற்றிலும் அறுந்துபோகாமல், தொடர்பு பலவீனப்பட்டு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பிரேக் விளக்கு ஒவ்வொன்றும் 21 வாட், பின்விளக்கு ஒவ்வொன்றும் 5 வாட் என்று கொண்டால், இரவில் பிரேக் மிதிக்கும்போது இரண்டு பக்கமும் சேர்த்து 52 வாட் ஆகிறது. 12 வோல்ட்டில் இது ஏறக்குறைய 4.3 ஆம்பியர். ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள நல்ல செம்புக் கம்பி, 7 மீட்டர் நீளத்துக்கு 0.08 ஓம் அளவே தடை தரும்; அதனால் இழக்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு மாத்திரமே. ஆனால் எர்த் இணைப்பில் துருவினால் அரை ஓம் தடை ஏற்பட்டுவிட்டதென்றால், அந்த ஒரே இடத்தில் சற்றேறக்குறைய 2 வோல்ட் வீணாகிவிடும். 12-ல் 2 போனால் ஒளியும் ஆறில் ஒரு பங்குதான் குறையும் என்று எண்ணுவது தவறு. இழை விளக்கின் பிரகாசம் மின்னழுத்தத்தின் ஏறக்குறைய 3.4-ஆம் அடுக்கைப் பின்பற்றி ஏறியிறங்கும் தன்மையுடையது. ஆதலால் 10 வோல்ட் கிடைக்கும் பல்பு, தன் இயல்பான ஒளியில் பாதிக்குச் சற்று மேலாக மட்டுமே தரும். துருப்பிடித்த ஓர் ஆணி, பின்னால் வருகிறவனின் கண்ணுக்கு எட்டவேண்டிய வெளிச்சத்தில் பாதியைத் தின்றுவிடுகிறது.

எர்த் முற்றிலும் அறுந்துவிட்டால் நடப்பது இதைக்காட்டிலும் விநோதமானது. டிரெய்லரிலுள்ள எல்லா பல்புகளின் திரும்பு முனைகளும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருப்பதால், தனக்குரிய வழி அடைபட்ட மின்சாரம், அங்கிருந்து மற்றொரு விளக்கின் இழைக்குள் தலைகீழாகப் புகுந்து, அந்த விளக்கின் கம்பி வழியே டிராக்டருக்குத் திரும்பிச் சென்று, அங்குள்ள பல்பின் மூலம் எர்த்தை அடைந்துவிடும். பின்விளக்கு எரியும்போது அதன் மின்சாரம் பிரேக் விளக்கின் இழையைக் கடன் வாங்கிக்கொள்ளும். 21 வாட் இழையின் தடை மிகச் சிறிதாகையால், பின்விளக்கு ஏறக்குறைய ஒழுங்காகவே எரிவதுபோல் தோற்றும். ஆனால் சாரதி பிரேக்கை மிதித்த அந்தக் கணத்தில், கடன் கொடுத்த இழையின் மறுமுனையிலும் 12 வோல்ட் வந்து நிற்க, இரண்டு பக்கமும் சமமாகி, அந்த வழியே மின்சாரம் ஓடுவதற்கு ஹேது இல்லாமற்போய், எரிந்துகொண்டிருந்த பின்விளக்கும் ஏறக்குறைய அணைந்துவிடும். பிரேக் பிடிக்கும்போது மேலும் பிரகாசிக்கவேண்டிய டிரெய்லர், அந்தச் சமயம் பார்த்து இருளில் மறைகிறது. இன்டிகேட்டர் போட்டால் பின்விளக்குகள் துடிப்பதும், பிரேக் மிதித்தால் இன்டிகேட்டர்கள் மங்கலாக எரிவதும் இந்த எர்த் கோளாறின் அடையாளங்களே.

துரு இரும்புக்கு என்றால், செம்புக்குக் களிம்பு. ஆன்மாவைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் உதாரணம் காட்டிய அதே களிம்புதான், வண்டியின் பிளக்கினுள்ளும் பச்சை நிறமாகப் பூக்கிறது. வடகிழக்குப் பருவமழையின் ஈரமும், உரமூட்டையிலிருந்து உதிர்ந்த உப்பும், கோடையில் கண்மாயிலிருந்து வண்டல் அள்ளும்போது தெறித்த சேறும் பிளக்கின் துவாரங்களுக்குள் சேர்ந்துவிட்டால், பக்கத்துப் பக்கத்து முனைகளுக்கிடையே மின்சாரம் கசிந்து, மின்பகுப்பின் மூலம் செம்பை வெகு சீக்கிரத்தில் அரித்துவிடும். கம்பியைச் சீவி முறுக்கி டேப் சுற்றிய இடங்களில், நுண்ணிய இழைகளுக்கிடையே ஈரம் ஊர்ந்து சென்று, உறைக்குள்ளேயே களிம்பு பரவும். வெளியே பார்த்தால் கம்பி முழுமையாகவே தெரியும்.

இவ்வளவும் விளக்குகளைப் பற்றியது. இனி, இந்தக் குறைகளை வாகனம் எவ்வாறு தெரிந்துகொள்கிறது என்பதைப் பார்ப்போம். வாகனத்துக்குக் கண் இல்லை. பின்விளக்கு எரிகிறதா என்பதை அது பார்ப்பதே இல்லை. அது அறிந்ததெல்லாம், தன் கம்பியில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பது ஒன்றே. இதன் ஆதி உருவத்தைப் பழைய இன்டிகேட்டர் பிளாஷரில் காணலாம். இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு தகடு, விளக்குக்குச் செல்லும் மின்சாரத்தால் உஷ்ணமடைந்து வளைந்து தொடர்பைத் துண்டிக்கும். ஆறியபின் நிமிர்ந்து மீண்டும் இணைக்கும். விளக்கு நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை வரை மின்னவேண்டும் என்பது சர்வதேச வரையறை. ஒரு பல்பு போய்விட்டால் மின்சாரம் குறைந்து, தகடு சூடேறத் தாமதமாகி, மின்னல் மந்தப்பட்டுவிடும் அல்லது நின்றே போகும். டிரெய்லரைக் கோத்தால் பல்புகள் கூடி, தகடு விரைவில் சூடேறி, மின்னல் வேகம் பெற்றுவிடும். எந்தக் குறையும் இல்லாமலே, பாரம் கூடியதொன்றே காரணமாக டிக்டிக்கென்று விரைந்த அந்தச் சத்தத்தை, டிரெய்லர் உண்டாக்கிய பொய்யெச்சரிக்கைகளின் முன்னோடி என்று சொல்லலாம்.

பின்வந்த மின்னணு பிளாஷர், மின்சாரத்தை அளந்து, அது எதிர்பார்த்த அளவுக்குக் குறைந்தால் வேண்டுமென்றே இரட்டிப்பு வேகத்தில் மின்னி, பல்பு போய்விட்டதென்று சாரதிக்குத் தெரிவித்தது. இன்றைய வாகனங்களோ, ஒவ்வொரு விளக்கின் மின்சாரத்தையும் தனித்தனியே அளக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கொண்டவை. விளக்கு அணைந்திருக்கும்போதுகூட, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய துடிப்புகளைக் கம்பியில் செலுத்தி, இழை முழுமையாக இருக்கிறதா என்று சோதித்துக்கொள்பவையும் உண்டு. இந்த ஏற்பாடு, 21 வாட் இழை பல்பு 1.75 ஆம்பியர் எடுக்கும் என்ற எதிர்பார்ப்பின்மேல் கட்டப்பட்டது. டிரெய்லரின் உடைமையாளர், நீண்ட காலம் உழைக்கும் என்ற நல்ல எண்ணத்தோடு எல்.இ.டி. விளக்கைப் பொருத்திவிட்டால், 3 வாட்டில் கால் ஆம்பியர் மட்டும் எடுத்துக்கொண்டு அது பளிச்சென்று எரியும். ஏழில் ஒரு பங்கு மின்சாரத்தைக் கண்ட பெட்டியோ, பல்பு செத்துவிட்டது என்று தீர்மானித்து மணியடிக்கும். சோதனைத் துடிப்பில் எல்.இ.டி. தானாகச் சிமிட்டுவதும் உண்டு. யந்திரம் அளந்தது சரி. அந்த அளவுக்கு அது கற்பித்துக்கொண்ட அர்த்தமே பிழை.

ஒரு சிறு குறை ஏன் பல எச்சரிக்கைகளை ஏககாலத்தில் எழுப்புகிறது என்ற சந்தேகம் இங்கே எழும். ஜெர்மனியின் ராபர்ட் பாஷ் நிறுவனம் 1986-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கேன்’ என்னும் தகவல் இணைப்பு, வாகனத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளையெல்லாம் முறுக்கிய இரண்டு கம்பிகளின் மூலம் ஒன்றோடொன்று பேசவைத்தது. அதன் பயனாக, டிரெய்லர் இருக்கிறதா இல்லையா என்ற ஒரு செய்தி, பல உறுப்புகளின் நடத்தையை நிர்ணயிக்கலாயிற்று. டிரெய்லர் கோத்திருக்கிறது என்று தெரிந்தால், மனிதச் செவிக்கு எட்டாத ஒலியலைகளால் பின்புறத் தடைகளைத் துழாவும் உணரிகள் ஓய்ந்துகொள்ளும். வண்டி அலையாமல் காக்கும் அமைப்பு தன் கணக்கை மாற்றிக்கொள்ளும். பக்கவாட்டில் வரும் வாகனங்களைக் கவனிக்கும் சாதனமும் ஒதுங்கியோ திருத்தம் பெற்றோ இயங்கும். எர்த் ஒரு கணம் அறுபட்டு மறுகணம் கூடுகையில், பெட்டியின் கணக்கில் டிரெய்லர் ஒரு கணம் மறைந்து மறுகணம் தோன்றுகிறது. மறைந்த அந்த நொடியில் பின்புற உணரிகள் விழித்துக்கொண்டு, தமக்கு இரண்டடி தூரத்தில் இருக்கும் டிரெய்லரையே மோதவரும் தடையென்று கருதி அலறுகின்றன. காரணம் ஒன்று, குரல்கள் பல. எல்லாம் தாம் கண்டதையே சொல்கின்றன. ஆனால் அவற்றில் ஒன்றுகூட, எர்த் முனையில் களிம்பு இருக்கிறது என்று சொல்வதில்லை.

கனரக வாகனங்களில் இந்த விஷயம் வேறொரு திசையில் வளர்ந்தது. டிரெய்லரின் சக்கரங்கள் பிரேக்கில் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். சாதனத்தில் பழுது ஏற்பட்டால், அதை முன்னே அமர்ந்திருக்கும் சாரதிக்கு அறிவித்தாக வேண்டும் என்று, 2001-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி முதல் அமெரிக்காவில் செய்யப்பட்ட இழுவை லாரிகளுக்கு விதி செய்தார்கள். இதற்கென்று புதிய கம்பியோ புதிய பிளக்கோ சேர்க்காமல், மின்சாரம் செல்லும் கம்பியிலேயே அந்தச் செய்தியையும் ஏற்றி அனுப்பும் உபாயத்தை அங்குள்ள பொறியாளர்கள் கையாண்டார்கள். உபாயம் போற்றத்தக்கதே. ஆயினும், சக்தியும் செய்தியும் ஒரே கம்பியில் பிரயாணம் செய்தால், அந்தக் கம்பிக்கு வந்த நோய் இரண்டையும் பிடிக்கும். நோயைத் தெரிவிக்கவேண்டிய தூதனே நோய்வாய்ப்படுகிற நிலைமை அப்போது உண்டாகிறது.

இதுவரை யந்திரத்தின் பக்கம் நின்று பேசினோம். இனி மனிதனுடைய சித்தத்தின் பக்கம் திரும்புவோம். புலி வருது, புலி வருது என்று பொய்க்கூச்சல் போட்ட ஆட்டிடையச் சிறுவனின் கதை நமக்குப் பாலபாடம். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியாவின் 51-ஆவது புலிகள் காப்பகமாக ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைக் காடு அறிவிக்கப்பட்ட பின், மகாராஜபுரத்தார் தம் ஊருக்கு மேற்கே நிமிர்ந்து பார்க்கும் மலைத்தொடரே சட்டப்படியும் புலியின் இருப்பிடமாயிற்று. அந்தக் கதையின் பொருள் அவர்களுக்கு விளக்கிச் சொல்லவேண்டியதன்று. கதையில் பொய் சொன்னவன் சிறுவன். ஆனால் தவறான முடிவுக்கு வந்தவர்கள் ஊரார். கூச்சல்கள் பல முறை பொய்த்ததால் கூச்சலுக்கே பொருளில்லை என்று அவர்கள் கொண்ட தீர்மானம், மனித இயல்புக்கு ஒத்ததாயினும், புலிக்குச் சாதகமாக முடிந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தில் ராடார் திரையின் புள்ளிகளுக்கிடையே எதிரி விமானத்தைத் தேடியவர்களின் அனுபவத்திலிருந்து கிளைத்து, 1950-களில் உருப்பெற்ற சமிக்ஞை அறிதல் கோட்பாடு, இந்த உண்மைக்குக் கணித வடிவம் கொடுத்தது. அபாயம் இருந்தும் அறிவிக்காமல் விடுவது ஒரு பிழை. இல்லாதபோது அறிவிப்பது மற்றொரு பிழை. ஒன்றைக் குறைக்க முயன்றால், அளவிடும் கருவியைச் செம்மை செய்தாலன்றி, மற்றொன்று பெருகியே தீரும். உதாரணத்துக்காக ஒரு கணக்குப் போடுவோம். 1,000 பிரயாணங்களில் 5-ல் மட்டும் விளக்கு உண்மையாகவே பழுதாகிறது என்றும், அந்த ஐந்தையும் கருவி தவறாமல் கண்டுபிடிக்கிறது என்றும், பழுதில்லாத பிரயாணங்களில் நூற்றுக்கு இரண்டில் மட்டும் வீணாக மணியடிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். வீணாக அடித்த மணிகள் ஏறக்குறைய 20. உண்மை மணிகள் 5. நூற்றுக்கு 98 பங்கு பொய் சொல்லாத கருவியேயானாலும், அதன் மணியோசை ஐந்தில் நான்கு முறை பொய்யாகிறது. அபாயம் அபூர்வமாக இருக்கும் வரையில், எச்சரிக்கையின் நம்பகத்தன்மை இவ்வாறு குன்றியே இருக்கும்.

எச்சரிக்கைகள் மிகுதியானால் அறிவு கலங்கும் என்பதற்கு 1979-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் தேதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீமைல் தீவு அணுமின் நிலையத்தில் நேர்ந்த விபத்து என்றைக்கும் நினைவுகூரத் தக்கது. முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒருமிக்க ஒலித்து, இன்றியமையாதது எது, அற்பமானது எது என்று பிரித்தறிய வழியின்றி அங்குப் பணியிலிருந்தவர்களைத் திகைக்க வைத்தன. அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டறைக்கும் ஒரு வாகனத்தின் முகப்புப் பலகைக்கும் எவ்வளவோ தாரதம்மியம் உண்டு. ஆனால் இரண்டின் முன்னும் அமர்ந்திருக்கிற மனித மூளை ஒன்றேதான்.

அந்த மூளை செய்கிற அடுத்த காரியமே எல்லாவற்றிலும் அபாயகரமானது. இரவில், பாரத்தோடு, நெரிசலான சாலையில் செல்லும் சாரதி, ஓயாத மணியைப் பொறுக்கமாட்டாமல், வண்டியை ஓரங்கட்டி, பிளக்கைப் பிடுங்கிவிடுகிறான். முகப்புப் பலகை அமைதியாகிறது. டிரெய்லர் இல்லை என்று வாகனம் நம்பிக்கொள்கிறது. சாரதியும் நிம்மதி அடைகிறான். அதே கணத்தில் டிரெய்லரின் பின்விளக்கும் பிரேக் விளக்கும் இன்டிகேட்டரும் அணைந்துவிடுகின்றன. தனக்குள் ஒலித்த எச்சரிக்கையை நிறுத்தப் போய், பின்னால் வருகிற அந்நியனுக்கு உரிய எச்சரிக்கையை அவன் பறித்துவிட்டான். விளக்கும் ஓர் எச்சரிக்கைதான் என்பதை நாம் மறக்கலாகாது. ஒன்று உள்முகமாகச் சாரதிக்குச் சொல்வது. மற்றொன்று வெளிமுகமாக உலகத்துக்குச் சொல்வது. உள்ளே சொல்வது பொய்யாகிப் பொய்யாகி, வெளியே சொல்வதையும் தன்னோடு சேர்த்து மாய்த்துவிடுவதே பொய்யெச்சரிக்கையின் உண்மையான தீமை.

நம் டிராக்டர்களின் நிலையோ வேறு. உள்முக எச்சரிக்கை பெரும்பாலானவற்றில் இல்லவேயில்லை. ஆகவே பொய் சொல்லி அலைக்கழிப்பதும் இல்லை. ஆனால் டிரெய்லரின் விளக்கு அணைந்த செய்தி, கரும்பும் வைக்கோலும் கண்ணை மறைக்க முன்னே அமர்ந்திருக்கிறவனுக்கு ஒருபோதும் எட்டுவதில்லை. கொக்கி எர்த்தை நம்பிய விளக்கு ஒரு மழைக்காலத்தில் அணைந்து, அடுத்த மழைக்காலம் வரை அப்படியே கிடக்கும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் விளக்கில்லாத டிரெய்லரை, 60 கிலோமீட்டர் வேகத்தில் பின்தொடரும் இருசக்கர வாகனக்காரன் 30 மீட்டர் தூரத்தில்தான் காண்கிறான் என்றால், இடைவெளி முற்றும் கரைய அவனுக்குக் கிடைப்பது 2.7 விநாடி. கண்டதைப் புரிந்துகொண்டு பிரேக்கில் கை வைக்கவே ஒன்றரை விநாடி போய்விடும். எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்தால், அந்த 30 மீட்டரும் அவனுக்குக் கிட்டாது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் விளக்குகளையும் சிவப்புப் பிரதிபலிப்பான்களையும் வற்புறுத்துவது இதனாலேயே. மின்சாரமும் கம்பியும் வேண்டாத பிரதிபலிப்புப் பட்டை, எல்லா வயரிங்கும் கைவிட்ட இரவிலும் தன் கடமையைச் செய்யும். ஆயினும், அது பிரேக் பிடித்ததையோ திரும்பப்போவதையோ சொல்ல வல்லதன்று. விளக்கின் ஸ்தானத்தை அது முழுதும் வகிக்க இயலாது.

பரிகாரம் கடினமானதன்று. கொக்கியை நம்பாமல், டிரெய்லரின் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனி எர்த் கம்பியைப் பிளக்கின் எர்த் முனை வரை கொண்டுவர வேண்டும். டிராக்டரின் பக்கத்திலும் அது பெயிண்ட் சுரண்டிய சுத்தமான இரும்பில் முறுக்கப்பட வேண்டும். பிளக்கைக் கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் பிரித்து, களிம்பைச் சுரண்டி, ஈரம் புகாத கிரீஸ் தடவ வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவதை விட்டு, பற்றவைத்தோ அழுத்தி இறுக்கியோ மூடிய இணைப்புகளையே கையாள வேண்டும். திரும்பும்போது இழுபடாத அளவுக்கு நீளமும், தரையில் உரசாத அளவுக்குக் குறுக்கமும் கம்பிக்கு இருக்க வேண்டும். எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் இருந்தால், பின்விளக்கையும் பிரேக் விளக்கையும் எரியவிட்டு, பேட்டரியின் எதிர்முனைக்கும் டிரெய்லர் விளக்கின் எர்த்துக்கும் இடையே வோல்ட்டை அளக்கச் சொல்லலாம். ஒரு வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு வரை இருந்தால் நலம். அரை வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ துரு இருக்கிறது. அளக்கும்போதே கம்பியையும் கொக்கியையும் ஆட்டிப் பார்ப்பது அவசியம். சாலை செய்கிற வேலையை அங்கே நம் கை செய்ய வேண்டும்.

புதிய வாகனம் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. எல்.இ.டி. விளக்கைப் பொருத்தியதனால் வீண் எச்சரிக்கை வந்தால், பேட்டரியிலிருந்து தனியே மின்சாரம் எடுத்து விளக்குகளுக்கு வழங்கி, வாகனத்துக்கு அது எதிர்பார்க்கும் அளவைக் காட்டும் இணைப்புப் பெட்டிகள் கிடைக்கின்றன. விளக்கோடு ஒரு மின்தடையைச் சேர்த்து ஏமாற்றும் முறையும் உண்டு. ஆனால் அந்தத் தடை 20 வாட் அளவுக்கு உஷ்ணத்தைக் கக்கி அருகிலுள்ள பிளாஸ்டிக்கைக் கருக்கக்கூடும். அன்றியும், விளக்கு உண்மையாகவே போய்விட்டாலும் எல்லாம் சரி என்றே வாகனத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். பொய்யெச்சரிக்கையை மாற்றப் புகுந்து பொய்யான ஆறுதலைத் தேடிக்கொள்வது புத்திசாலித்தனமாகாது. வாகனங்களை வடிவமைப்பவர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு: டிரெய்லர் துண்டிக்கப்பட்டது என்று பயமுறுத்துவதைக் காட்டிலும், எர்த் இணைப்பைச் சோதிக்கவும் என்று காரணத்தைக் குறிப்பிட்டுச் சொல்லும் யந்திரமே சாரதியின் நம்பிக்கையை நெடுங்காலம் காப்பாற்றிக்கொள்ளும்.

வாசகர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவே: டிரெய்லர் எழுப்பும் வீண் எச்சரிக்கை பெரும்பாலும் பொய்யன்று, மின்சாரத்தின் பாதையில் உள்ள ஒரு மெய்யான குறையைப் பற்றிய, சொல்லத் தெரியாமல் சொன்ன செய்தி. அதை அணைக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்க வேண்டாம், எர்த்தைத் தேடுங்கள். எச்சரிக்கையே தராத டிராக்டர் வைத்திருப்பவர்கள், அறுவடைக்கு வண்டியைக் கோக்கும் முன் ஒருவரை ஏறி அமர்ந்து பிரேக்கையும் இன்டிகேட்டரையும் போடச் சொல்லிவிட்டு, தாம் பின்னால் போய் நின்று விளக்கைத் தம் கண்ணால் பார்த்துவிடுங்கள்.